சென்சார் எர்ரர் லாக்கை நிரப்பி டிஸ்க் முட்டுகிறது: தோட்ட ஆபிஸ் சர்வர், உபுண்டு 22.04

குலைக்கணக்கு
9 அக்டோபர் 2023, காலை 7.50

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபிஸ். எடைமேடைக் கணக்கு எழுதும் சர்வர் இன்று காலை எழுத மறுத்துவிட்டது. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, கிராணி (எழுத்தர்) கையால் ரசீது எழுதுகிறார். லாக் எழுதப்படும் வார் பகுதி மொத்தம் 20 ஜிபி. பொதுப் பதிவான சிஸ்லாக் 9 ஜிபி, கெர்னல் பதிவான கெர்ன்.லாக் 9 ஜிபி, துளி இடம் இல்லை.

இரண்டாம் கை ரேக் சர்வர், உபுண்டு 22.04. சர்வரின் அளவுகளைத் தரும் நோட் எக்ஸ்போர்ட்டரும், அவற்றைக் குறித்த இடைவெளியில் கேட்டு வாங்கும் புரோமிதியஸும் ஓடுகின்றன. லாக்கின் வாலைப் பார்த்தால் ஒரே வரி திரும்பத் திரும்ப: ஏசிபிஐ (கெர்னல் பயாஸோடு பேசும் முறை) எர்ரர், பஃபர் 66 பைட் வேண்டும், 32தான் இருக்கிறது. அதன் கீழே பிஎம்எம் மெத்தட் தோற்றது என்று இன்னும் இரண்டு வரி.

சிஸ்லாக்கை அழித்தேன், இடம் திரும்பவில்லை. ரீபூட் செய்த பிறகுதான் வந்தது. பூட் வரியில் குவயட், லாக்லெவல் 3 போட்டும் வரிகள் நிற்கவில்லை. எப்படி அடக்குவது?

ஏழாம்லயம்
9 அக்டோபர் 2023, காலை 8.15

அடக்குறதை அப்புறம் பார்ப்போம் தம்பி. கெர்ன்.லாக்கை மட்டும் இப்போ தொடாதீங்க, சாட்சி அதுலதான் இருக்கு.

திறந்திருக்கிற கோப்பை அழிச்சா பெயர்தான் போகும். லாக் எழுதுற நிரல் ஆர்சிஸ்லாக் அதைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் இடம் வராது. அடுத்த தடவை ட்ரன்கேட் கட்டளையில அளவு 0 கொடுத்து அதே கோப்பைக் காலி பண்ணுங்க. ரீபூட் வேண்டாம், லாரியும் நிக்காது.

லாக்லெவல் திரைக்கு மட்டும்தான். மானிட்டர்ல எது தெரியணும்னு அது முடிவு பண்ணும். கெர்னல் தன் நினைவக வளையத்துல எழுதுறதையும், இன்னொரு லாக் நிரலான ஜர்னலும் ஆர்சிஸ்லாக்கும் அதை எடுத்து டிஸ்க்ல வைக்கிறதையும் அது தடுக்காது.

ரெண்டு கோப்பும் ஏன் ஒரே அளவுன்னு பாருங்க. உபுண்டுவோட வழக்கமான அமைப்புல கெர்னல் வரி ஒவ்வொண்ணும் சிஸ்லாக்லயும் விழும், கெர்ன்.லாக்லயும் விழும், ஜர்னல்லயும் விழும். ஒரு எர்ரருக்கு மூணு பிரதி.

இனி எண்ணணும். ஜர்னல்சிடிஎல்லுக்கு பி சுவிட்ச் கொடுங்க, வெளியீடு கேட் வடிவம். நேரம் போயிடும், செய்தி மட்டும் நிக்கும். அதை செட் வழியா விட்டு எல்லா எண்களையும் ஒரே எழுத்தா மாத்துங்க, சார்ட், யூனிக் -சி, மறுபடி சார்ட். எந்த வகை வரி எத்தனைன்னு கையில வந்திடும். கூடவே அடுத்தடுத்த ரெண்டு வரிக்கு நடுவுல எத்தனை விநாடின்னு பார்த்துச் சொல்லுங்க. அந்த இடைவெளிதான் முக்கியம்.

குலைக்கணக்கு
9 அக்டோபர் 2023, காலை 8.48

ரீபூட்டிலிருந்து எண்ணினேன். ஏசிபிஐ வரிகள்தான் முதலிடம், மூன்று மூன்றாக வருகின்றன. இடைவெளி சரியாக 15 விநாடி. அடுத்த இடத்தில் டிஸ்க்கின் நலம் பார்க்கும் ஸ்மார்ட்டி, ஏதோ 194 மாறியது என்கிறது. மற்றவை கொசுறு.

ஏழாம்லயம்
9 அக்டோபர் 2023, காலை 9.05

15 விநாடின்னா கேட்கிறது புரோமிதியஸ். உங்க கான்ஃபிக்ல ஸ்கிரேப் (அளவு கேட்டு வாங்குற) இடைவெளி 15ன்னு இருக்கும், பாருங்க.

அந்த ஏசிபிஐ எர்ரர் தானா வர்றதில்ல. ஏசிபிஐ பவர் மீட்டர்னு ஒரு மாட்யூல், சர்வர் எத்தனை வாட் இழுக்குதுன்னு சென்சார் கோப்புகள் இருக்கிற எச்டபிள்யூமான் அடைவுல ஒரு கோப்பா வைக்கும். அந்தக் கோப்பை யாராவது படிக்கிற ஒவ்வொரு தடவையும் கெர்னல் பயாஸ்ல இருக்கிற பிஎம்எம் மெத்தடை ஓட்டும். அந்த மெத்தட் ஐபிஎம்ஐ (சர்வர் மேலாண்மைச் சிப்போட பேசுற மொழி) வழியா பேச 66 பைட் பஃபர் வைக்கணும், பயாஸ் எழுதினவங்க 32தான் வச்சிருக்காங்க. கெர்னல் மறுத்துட்டு மூணு வரி எழுதுது. நோட் எக்ஸ்போர்ட்டர் எச்டபிள்யூமானை வழக்கமாவே படிக்கும், அதனால ஒவ்வொரு ஸ்கிரேப்புக்கும் ஒரு தடவை கத்தல்.

சென்சார் கெட்டுப்போகல. படிக்கவே முடியாத ஒண்ணை யாரோ விடாம படிச்சிட்டிருக்காங்க. இந்த வகைத் தொல்லை எல்லாத்துலயும் நான் முதல்ல கேட்கிறது "யார் கேட்கிறாங்க, எத்தனை விநாடிக்கு ஒரு தடவை"ங்கிறதுதான். 10 விநாடி, 15 விநாடி, 60 விநாடி, 30 நிமிஷம், ஒவ்வொரு இடைவெளிக்கும் பின்னாடி ஒரு டைமர் இருக்கும்.

ரயிலடி
9 அக்டோபர் 2023, காலை 10.30

மாட்யூலைத் தூக்க வேண்டியதில்லை. எட்சியில் சென்சார்ஸ்.டி அடைவு இருக்கிறது. அதில் ஒரு கோப்பு வைத்து, சிப் வரியில் பவர் மீட்டரின் பெயரும் அதன் கீழே இக்னோர் பவர்1 என்றும் எழுதினால் போதும்.

ஏழாம்லயம்
9 அக்டோபர் 2023, காலை 10.52

அது லிப்சென்சார்ஸ் வழியா படிக்கிற நிரலுக்கு மட்டும் ரயிலடி அண்ணே. நோட் எக்ஸ்போர்ட்டர் அந்த நூலகத்தைத் தொடுறதில்ல, சிஸ் அடைவை நேரா திறந்து படிக்கும். இக்னோர் போட்டா சென்சார்ஸ் கட்டளை அமைதியாகும், லாக் அப்படியேதான் இருக்கும்.

தம்பி, இந்த வரிசையில பண்ணுங்க. முதல்ல மாட்ப்ரோப் -ஆர் கொடுத்து மாட்யூலை இறக்குங்க. ரெண்டு நிமிஷம் லாக்கைப் பாருங்க. வரி நின்னா குற்றவாளி உறுதி, ரீபூட் தேவையில்ல. அதுக்கப்புறம் எட்சி மாட்ப்ரோப்.டி அடைவுல கான்ஃப்னு முடியிற கோப்பு ஒண்ணு வச்சு, பிளாக்லிஸ்ட்டுன்னு எழுதிப் பக்கத்துல மாட்யூல் பெயர். அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு ஓட்ட மறக்காதீங்க. மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்துல ஏறுற குட்டிப் பிம்பம்) உள்ளேயும் இருந்தா, அங்கே பழைய கான்ஃபிக்தான் செல்லும், அடுத்த பூட்ல திரும்ப ஏறிடும். ஃபெடோரா வகைன்னா டிராகட் -எஃப்.

பிளாக்லிஸ்ட் தானா ஏறுறதை மட்டும்தான் தடுக்கும். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டா ஏறும். அதையும் தடுக்கணும்னா இன்ஸ்டால் வரி எழுதி அதுக்கு எதிர்ல பின் ட்ரூ.

வாட் கணக்கு வேணும்னா அந்த மேலாண்மைச் சிப் பிஎம்சிகிட்டயே கேட்கலாம். ஐபிஎம்ஐடூல் டிசிஎம்ஐ பவர் ரீடிங். அதுக்கு இந்த மாட்யூல் வேண்டாம்.

குலைக்கணக்கு
9 அக்டோபர் 2023, பிற்பகல் 12.20

மாட்யூலை இறக்கியதும் வரி நின்றது. பிளாக்லிஸ்ட்டும் போட்டுவிட்டேன். மாலைக்குள் கெர்ன்.லாக்கையும் காலி செய்துவிடலாமா?

ஏழாம்லயம்
9 அக்டோபர் 2023, பிற்பகல் 12.41

காலி பண்ணாதீங்க. காலையில இருந்து நான் சொன்னதுல கணக்கு இடிக்குது.

ஒரு நாளைக்கு 86,400 விநாடி. 15ஆல வகுத்தா 5,760 தடவை. தடவைக்கு 3 வரி, 17,280 வரி. வரிக்கு 130 பைட்னு தாராளமா வச்சாலும் நாளைக்கு 2.2 எம்பிதான். 9 ஜிபி சேர பத்து வருஷத்துக்கு மேல ஆகும். உங்க டிஸ்க்கை நிரப்பினது இது இல்ல. ரீபூட்டுக்குப் பிறகு எது அதிகம்னு மட்டும் பார்த்துட்டு அதையே பழியாளி ஆக்கிட்டோம். பி சுவிட்ச் இந்த பூட்டை மட்டும்தான் எண்ணும்.

அதே எண்ணிக்கையை கெர்ன்.லாக்ல நடத்துங்க. 9 ஜிபியையும் சார்ட்ல போடாதீங்க, தற்காலிகக் கோப்பு எழுத இடம் பத்தாது. டெயில் வச்சு கடைசி 5 லட்சம் வரி, ஹெட் வச்சு முதல் 5 லட்சம் வரி, ரெண்டையும் தனித்தனியா எண்ணுங்க.

குலைக்கணக்கு
9 அக்டோபர் 2023, பிற்பகல் 1.35

ஏசிபிஐ வரி அதில் தேட வேண்டியிருக்கிறது. எல்லாம் பிசிஐஇ (கார்டுகள் சொருகும் இணைப்பு) பஸ் எர்ரர். சிவியரிட்டி கரெக்டெட், டைப் பிசிக்கல் லேயர், அதன் கீழே ஆர்எக்ஸ்எர்ர். ஒரு நிகழ்வுக்கு நான்கு வரி. நேரத்தைப் பார்த்தால் தினமும் பகல் ஒரு மணி அளவில் தொடங்கி சாயங்காலம் ஓய்கிறது. இன்று இன்னும் தொடங்கவில்லை.

ரயிலடி
9 அக்டோபர் 2023, பிற்பகல் 2.10

இது என் பக்கத்து வேலை. காலையில் சென்சார்ஸ்.டி விஷயத்தில் தவறாகச் சொன்னேன், ஏழாம்லயம் சொன்னதே சரி.

கரெக்டெட் என்றால் பிசிஐஇ இணைப்பில் ஒரு பொட்டலம் சிதைந்து வந்தது, வன்பொருளே மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டது என்று பொருள். டேட்டா போகவில்லை. ஆனால் ஆர்எக்ஸ்எர்ர் பிசிக்கல் லேயரில் வருகிறது, அதாவது சிக்னலே சரியாக வந்து சேரவில்லை. பேட் டிஎல்பி, பேட் டிஎல்எல்பி என்று வந்தால் அடுத்த அடுக்கு. வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: தொடர்பு சரியில்லை, ரைசர் (கார்டைத் தாங்கும் இடைப் பலகை) ஆடுகிறது, அல்லது மின்சேமிப்பு நிலையிலிருந்து இணைப்பு விழிக்கும்போது தடுமாறுகிறது.

வரியில் இருக்கும் முகவரியை எல்எஸ்பிசிஐயில் தேடுங்கள். அது பெரும்பாலும் பலகைப் பக்க முனையான ரூட் போர்ட்டாக இருக்கும், கார்டு அதற்கு அடுத்த முனையில் இருக்கும். டி சுவிட்ச் மரமாகக் காட்டும். பிறகு இரண்டு வி கொடுத்து, இணைப்பின் நிலை சொல்லும் எல்என்கேஸ்டா வரியைப் படியுங்கள். டவுன்கிரேடட் என்று இருந்தால் இணைப்பு தன் முழு வேகத்திலோ அகலத்திலோ ஓடவில்லை.

முதல் சோதனை, பூட் வரியில் பிசிஐஇ ஏஎஸ்பிஎம் ஆஃப். அதோடு நின்றால் மின்சேமிப்புதான் காரணம், அப்படியே விட்டுவிடலாம். நிற்காவிட்டால் மூடியைத் திறக்க வேண்டும்.

இணையத்தில் எல்லோரும் சொல்லும் மருந்து பிசிஐ நோஏஇஆர், பிசிஐஇ எர்ரர் அறிக்கையான ஏஇஆரை அணைப்பது. அதைப் போடாதீர்கள். அது எர்ரரை நிறுத்தாது, காதைப் பொத்திக்கொள்ளும். நாளை இதே இணைப்பு ஃபேட்டலுக்குப் போனால் கார்டு திடீரென்று காணாமல் போகும், லாக்கில் ஏஇஆர் வரி ஒன்றும் இருக்காது. எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் சிஸ் அடைவில் அந்தச் சாதனத்தின் கீழே ஏஇஆர் டெவ் கரெக்டபிள் என்று ஒரு கோப்பு உண்டு. வகைவாரியாக எத்தனை என்று அதில் இருக்கும், லாக்கே வேண்டாம். நோஏஇஆர் போட்டால் அந்தக் கணக்கும் கிடைக்காது.

பால்வாளி
9 அக்டோபர் 2023, இரவு 9.15

எனக்கும் லாக் வெள்ளம்தான், வேறு சாதி. ராஸ்பெர்ரி பை 3, கையளவு கணினி. பட்டணத்தில் ஒரு மினி மார்க்கெட்டின் ஐஸ் ரூமில் மூன்று டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார், மொத்தக் கம்பி 18 மீட்டர். கெர்னல் வரி இரண்டு வகை. ஒன்று, ஃபேமிலி 0 ரெஜிஸ்டர் ஆகவில்லை என்று ஏதேதோ முகவரியோடு வருவது. இன்னொன்று, அண்டர்வோல்டேஜ் டிடெக்டட், வோல்டேஜ் நார்மலைஸ்டு, மாறி மாறி.

மின்சாரப் பக்கத்தை நானே தீர்த்துவிட்டேன், அதை எழுதிவிடுகிறேன். பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அந்த வரியை எழுதும். அடாப்டர் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர், நல்லதுதான். கம்பிதான் மோசம். 1.5 மீட்டர் மைக்ரோ யூஎஸ்பி, உள்ளே 28 கேஜ். அந்தக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். போக வர 3 மீட்டர், 0.64 ஓம். 1 ஆம்பியர் இழுத்தாலே 0.64 வோல்ட் கம்பியில் கரைந்து, பைக்கு வந்து சேர்வது 4.46. 22 கேஜ், 1 மீட்டர் கம்பி மாற்றினேன். அதில் இழப்பு 0.11 வோல்ட்டுக்குள், வரி நின்றுவிட்டது.

சரிபார்க்க விசிஜென்சிஎம்டி, கெட் த்ராட்டில்ட். ஹெக்ஸில் 50005 என்றால் இந்த நிமிடமே மின்னழுத்தம் குறைவு, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 50000 என்றால் பூட் ஆனதிலிருந்து எப்போதோ நடந்தது, இப்போது சரி. 0 வந்தால்தான் சுத்தம். பூட் கான்ஃபிக்கில் அவாய்ட் வார்னிங்ஸ் போடச் சொல்வார்கள். அது திரையில் வரும் மின்னல் குறியை மறைக்கும், கம்பியைத் தடிப்பாக்காது.

ஃபேமிலி 0 மட்டும் பிடிபடவில்லை.

ஏழாம்லயம்
9 அக்டோபர் 2023, இரவு 10.02

அக்கா, அதுக்கும் அதே கேள்வி. இடைவெளி 10 விநாடியா?

பால்வாளி
9 அக்டோபர் 2023, இரவு 10.20

பத்தேதான்.

ஏழாம்லயம்
9 அக்டோபர் 2023, இரவு 10.55

அப்போ கேட்கிறது கெர்னல்தான். இந்தச் சென்சார்களுக்கான வயர் மாட்யூல் 10 விநாடிக்கு ஒரு தடவை பஸ்ல யார் யார் இருக்காங்கன்னு தேடும், நிறுத்தாம தேடிட்டே இருக்கும். டேட்டா கம்பி சரியா மேலே இழுக்கப்படலன்னா இரைச்சலே முகவரி மாதிரி தெரியும். ஃபேமிலின்னா சிப் வகை எண், 0ன்னு ஒரு வகை கிடையாது, அது இரைச்சல்.

பாருங்க: டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவுல 4.7 கிலோ ஓம் இருக்கா? 5 வோல்ட்டுக்கு இழுக்கக் கூடாது, பையோட ஜிபிஐஓ கால் தாங்காது. 18 மீட்டருக்கு 4.7 பலவீனம், 2.2 கிலோ ஓம் போடுங்க. கம்பி நட்சத்திரம் மாதிரி மூணு கிளையா போகுதா, ஒரே கோடா போகுதா? நட்சத்திரம்னா ஒவ்வொரு நுனியில இருந்தும் சிக்னல் திரும்பி வந்து மோதும். ஒரே கோடா இழுத்து, சென்சார்களை வழியில தொங்கவிடுங்க, தொங்கல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. நெட்வொர்க் கேபிள்னா டேட்டாவும் கிரவுண்டும் ஒரே முறுக்கு ஜோடியில போகணும். மூணு காலுக்கும் கம்பி கொடுங்க, ரெண்டு கம்பியில ஓட்டுற பாரசைட் முறை இந்த நீளத்துக்கு வேண்டாம்.

எல்லாம் சரியான பிறகு தேடலையே நிறுத்தலாம். பஸ் மாஸ்டர் அடைவுல சர்ச் கோப்புல 0 எழுதுங்க. அதை முதல்லயே பண்ணினா வரி போயிடும், இரைச்சல் அப்படியே இருந்து அளவைக் கெடுக்கும்.

பால்வாளி
10 அக்டோபர் 2023, இரவு 8.40

நட்சத்திரம்தான். ஐஸ் ரூம் கதவுக்கு மேலே ஒரு பெட்டியில் மூன்றையும் முடிந்திருந்தார்கள். பெட்டிக்குள் எறும்புக் கூடு, முடிச்சு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. குளிர் அறையின் கதவு திறக்க மூட, நம் ஊர் ஈரக்காற்று அங்கேதான் வியர்க்கிறது. ஒரே கோடாக மாற்றினேன், 2.2 கிலோ ஓம், முடிச்சுகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் உறையும் உள்ளே பசையும். பெட்டியின் துளையைக் கீழ்ப்பக்கமாக வைத்தேன், தண்ணீர் கம்பி வழியாக உள்ளே ஓடாது. ஃபேமிலி 0 ஒன்றுகூட இல்லை.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் சென்சார் பொய் சொல்லும் விதங்கள் இரண்டு.

85 டிகிரி வந்தால் அது வெப்பம் இல்லை, சிப்புக்கு மின்சாரம் வந்தவுடன் இருக்கும் தொடக்க மதிப்பு. 12 பிட்டில் அளக்க 750 மில்லி விநாடி வேண்டும், அதற்குள் மின்சாரம் தட்டுப்பட்டால் 85 அப்படியே வரும். ஐஸ் ரூமில் 85ஐ யாரும் நம்ப மாட்டார்கள், அதனால் ஆபத்து குறைவு.

0 டிகிரிதான் ஆபத்து. டேட்டா கம்பி கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டால் படிக்கும் பைட் எல்லாம் சுழி. சுழிகளுக்குச் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சியும் சுழி, ஆகவே சோதனை தேறிவிடக்கூடும். குளிர் அறையில் 0 என்பது நம்பும்படியான எண். மீன் கெட்டுப்போகும்வரை திரையில் 0 நின்றுகொண்டிருக்கும். உண்மையான 0 டிகிரியில் முதல் இரண்டு பைட் மட்டும்தான் சுழி, மற்றவற்றில் அமைப்பு மதிப்புகள் இருக்கும், 12 பிட்டுக்கு ஐந்தாவது பைட் 7எஃப். ஸ்கிரிப்டில் ஒன்பது பைட்டும் சுழியா என்று பார்த்து, சுழியானால் அளவைத் தூக்கி எறியுங்கள். லாக்கில் வரி வரும் பிழையைவிட வராத பிழைக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

குலைக்கணக்கு
11 அக்டோபர் 2023, காலை 9.10

ஏஎஸ்பிஎம் ஆஃப் போட்டும் நேற்றுப் பகல் 1.20க்கு மறுபடி தொடங்கிவிட்டது. ரைசரில் இருக்கும் நெட்வொர்க் கார்டு. எல்என்கேஸ்டா, அகலம் 4 இருக்க வேண்டிய இடத்தில் 1, டவுன்கிரேடட். பகலில் மட்டும் ஏன்?

அதுவரைக்கும் ஜர்னல்டியில் ரேட்லிமிட் இருக்கிறதே, 30 விநாடிக்கு 10,000 வரி என்று, அதை 200ஆகக் குறைத்தால் டிஸ்க் தப்பிக்குமா?

ஏழாம்லயம்
11 அக்டோபர் 2023, காலை 9.40

தப்பிக்காது. அந்த வரம்பு ஒவ்வொரு சர்வீசுக்கும் தனித்தனியா வைக்கிறது. கெர்னல் எந்த சர்வீசும் இல்ல, அதோட வரி அந்தச் சல்லடையில விழுறதே இல்ல. 200ன்னு வச்சா உங்க எடைமேடை நிரலோட வரிதான் வெட்டுப்படும், வெள்ளம் அப்படியே ஓடும்.

ஜர்னலுக்கு சிஸ்டம்மேக்ஸ்யூஸ் 500எம் வைங்க, அதுக்கு மேல தானே பழசைத் தள்ளிடும். ஆர்சிஸ்லாக் கோப்புகளுக்கு அப்படி ஒரு கூரை கிடையாது. பழைய லாக்கை ஒதுக்குற லாக்ரோட்டேட்ல வாரம் ஒரு தடவைன்னு இருக்கும், ஒரு வாரத்துல எவ்வளவு வேணும்னாலும் வளரலாம். மேக்ஸ்சைஸ் 200எம் சேர்த்துக்கிட்டு, லாக்ரோட்டேட் டைமரை மணிக்கு ஒரு தடவைன்னு மாத்துங்க. மேக்ஸ்சைஸ் மட்டும் போட்டா போதாது, நாளுக்கு ஒரு தடவைதான் யாராவது வந்து அளவு பார்ப்பாங்க.

ஆர்சிஸ்லாக்ல வடிகட்டணும்னா 00ன்னு தொடங்குற கோப்பு ஒண்ணு வச்சு, செய்தியில இந்தச் சொல் இருந்தா ஸ்டாப்னு எழுதலாம். 50 டிஃபால்ட்டுக்கு முன்னாடி படிக்கப்படணும், அதுக்குத்தான் 00. ஆனா கார்டு சரியாகிற வரைக்கும் நீங்க இதைச் செய்யாம இருக்கிறது நல்லது. வரி நிக்குதா இல்லையாங்கிறதுதான் உங்க அளவுகோல்.

ரயிலடி
11 அக்டோபர் 2023, காலை 11.05

பகலில் ஏன் என்றால், அறை சூடாகிறது. உலோகம் விரிகிறது, ரைசரில் ஏற்கெனவே தளர்ந்த தொடர்பு இன்னும் தளர்கிறது. சாயங்காலம் மழை பெய்து குளிர்ந்ததும் மறுபடி சேர்ந்துகொள்கிறது. அகலம் 4 இருக்க வேண்டிய இடத்தில் 1 என்பது அதை உறுதி செய்கிறது, மூன்று தடங்கள் பேசவே இல்லை.

மின்கம்பியைப் பிடுங்குங்கள். இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும். ஒரு நிமிடம் பொறுத்து ரைசரோடு கார்டை வெளியே எடுங்கள். பல்லைப் பென்சில் ரப்பரால் தேய்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, வேண்டாம். தங்கப் பூச்சு மெல்லியது, தேய்ந்தால் அடுத்த மழைக்காலத்தில் இன்னும் மோசமாகும், ரப்பர் துகளும் சாக்கெட்டில் இறங்கும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நூல் உதிராத துணி, பல்லின் நீளவாக்கில் ஒரே திசையில் இழுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதம் காய நேரம் எடுக்கும், மீதி தண்ணீர். ஸ்லாட்டுக்குள் எதையும் விட்டுக் குடையாதீர்கள், காற்று மட்டும். ரைசரின் பலகைப் பக்கப் பல்லையும் துடையுங்கள், பலரும் கார்டை மட்டும் துடைத்து மூடிவிடுவார்கள். கார்டின் தகட்டைத் திருகாணி போட்டு இறுக்குங்கள். திருகாணி இல்லாமல் நெட்வொர்க் கேபிளின் கனத்தில் கார்டு தொங்குவது பாதிக் காரணம்.

மூடியைத் திறந்த கையோடு ஃபேனையும் ஹீட்சிங்கையும் பாருங்கள். சிபியு பேக்கேஜ் டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்ட், கிளாக் த்ராட்டில்ட் என்ற வரி கொசுறில் இருக்கிறதா? இருந்தால் அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் வடிகட்டாதீர்கள். பவர் மீட்டர் வரி பயாஸின் பிழை, இது உண்மையான சூடு.

குலைக்கணக்கு
12 அக்டோபர் 2023, இரவு 7.25

திறந்தேன். திருகாணி இல்லை, கார்டு ஒரு பக்கம் தூக்கியிருந்தது. துடைத்து, இறுக்கி, மூடினேன். அகலம் 4 வந்துவிட்டது. இன்று பகல் முழுக்க ஏஇஆர் கரெக்டபிள் கணக்கு 0. ஏஎஸ்பிஎம் ஆஃபையும் எடுத்துவிட்டேன், அப்படியும் 0. த்ராட்டில்ட் வரி 6 இருந்தது, ஹீட்சிங்கில் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது.

மிச்சம் ஸ்மார்ட்டிதான். 194, 64லிருந்து 63, மறுபடி 64.

ரயிலடி
12 அக்டோபர் 2023, இரவு 8.50

194 டிஸ்க்கின் வெப்பம். ஸ்மார்ட்டி 30 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, ஒன்று கூடினாலும் குறைந்தாலும் எழுதும். அது எழுதுவது நேரான டிகிரி இல்லை, தயாரிப்பாளர் மாற்றி அமைத்த மதிப்பு. 64லிருந்து 63 என்றால் பல டிஸ்க்குகளில் சூடு ஏறியது என்று பொருள்.

ஸ்மார்ட்டி கான்ஃபில் டிவைஸ்ஸ்கேன் வரியில் பெரிய ஐ 194, பெரிய ஐ 190 சேருங்கள், அந்த இரண்டின் மாற்றத்தையும் எழுதாது. அதோடு விட்டால் உண்மையான சூடும் மறைந்துவிடும், ஆகவே பெரிய டபிள்யு 5,50,56. 5 டிகிரி மாறினால் ஒரு வரி, 50 தொட்டால் தகவல், 56 தொட்டால் எச்சரிக்கை மெயில். கையேட்டு எடுத்துக்காட்டில் 4,45,55 இருக்கும். குளிர்சாதனம் இல்லாத நம் ஊர் அறையில் டிஸ்க் 45ஐச் சாதாரணமாகத் தொடும், பகல் முழுக்கத் தகவல் வரி வந்துகொண்டிருக்கும்.

பால்வாளி
13 அக்டோபர் 2023, காலை 7.30

யார் கேட்கிறார்கள் என்று இடைவெளியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாவிட்டால்? இரண்டு மானிட்டரிங் நிரல் ஒரே 60 விநாடியில் ஓடினால் எப்படிப் பிரிப்பது?

ஏழாம்லயம்
13 அக்டோபர் 2023, காலை 8.05

பிசிசி கருவிகள்ல ஓப்பன்ஸ்னூப். எந்தப் ப்ராசஸ் எந்தக் கோப்பைத் திறக்குதுன்னு ஓடஓடக் காட்டும், அதுல எச்டபிள்யூமான்னு கிரெப் பண்ணுங்க. கோப்புல நடக்கிறதைச் சொல்ற ஐநோட்டிஃபையை நம்பாதீங்க, சிஸ் அடைவுல அது இந்தப் படிப்பைச் சரியாச் சொல்லாது.

எச்டபிள்யூமான் எண்ணை ஸ்கிரிப்ட்ல எழுதி வைக்காதீங்க. அடுத்த பூட்ல 2 இருந்தது 4 ஆகும். ஒவ்வொரு அடைவுலயும் நேம்னு ஒரு கோப்பு இருக்கு, அதைப் படிச்சுத் தேடணும்.

ஏழாம்லயம்
13 அக்டோபர் 2023, காலை 8.50

மேலே சொன்னதுல ஒரு ஓட்டை. கோப்பை ஒரே தடவை திறந்து வச்சுக்கிட்டு, மூடாம திரும்பத் திரும்ப படிக்கிற நிரலை ஓப்பன்ஸ்னூப் காட்டாது. அதுக்கு எல்எஸ்ஓஎஃப் போட்டு யார் கையில திறந்திருக்குன்னு பாருங்க. ரெண்டும் சேர்ந்தாத்தான் முழுசு.

குலைக்கணக்கு
15 நவம்பர் 2023, காலை 8.35

தீபாவளிக்கு ஆபிஸ் பூட்டிக் கிடந்தது, ஜன்னல் எல்லாம் சாத்தி, அறை நன்றாகச் சூடாகியிருக்கும். வந்து பார்த்தேன். ஏஇஆர் 0. சிஸ்லாக் 6 எம்பி. 13ஆம் தேதி பிற்பகல் டிஸ்க் 50 தொட்டதாக ஸ்மார்ட்டி ஒரு வரி எழுதியிருக்கிறது. மேல் ஜன்னலைத் திறந்து கம்பி வலை அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். என் மடிக்கணினியில் பூட் ஆகும்போது ஒரு வரி: தெர்மல் ஜோன் 2, படிக்க முடியவில்லை, கழித்தல் 61. ஒரே ஒரு முறைதான் வருகிறது.

ஏழாம்லயம்
15 நவம்பர் 2023, காலை 9.00

61ன்னா "டேட்டா இன்னும் இல்ல". அந்த ஜோனோட டைப் கோப்பைப் படிங்க, ஐடபிள்யூஎல்வைஃபைன்னு இருந்தா வைஃபை கார்டோட வெப்பமானி. ஃபர்ம்வேர் ஏறுறதுக்கு முன்னாடியே கெர்னல் கேட்டுடுது. வைஃபை எழுந்தப்புறம் டெம்ப் கோப்பைப் படிச்சா எண் வரும். வந்தா விட்டுடுங்க.

குலைக்கணக்கு
15 நவம்பர் 2023, காலை 9.12

ஐடபிள்யூஎல்வைஃபைதான். 41000 வந்தது, 41 டிகிரி.